பழைய திறப்பு வண்டியின் துணி ஹூட்: வெயில், போர் தண்ணீர், நூல்

தருமபுரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெங்களூரில் ஒருவரிடமிருந்து பழைய மாரிஸ் மைனர் என்ற பிரிட்டிஷ் கார், கூரையை மடித்துத் திறக்கும் திறப்பு வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். மேலே கறுப்புத் துணி ஹூட், அதாவது மடக்கும் கூரை, முன்பு வைத்திருந்தவர் போட்டது. துணி வெளுத்து அங்கங்கே வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறது. மெக்கானிக் மண்ணெண்ணெயில் துடைத்து பூட் பாலிஷ் போட்டால் புதுசாகிவிடும் என்கிறார். சர்வீஸ் ஸ்டேஷன்காரர் தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சும் கன் வைத்து அடித்தால் போய்விடும் என்கிறார். மழை பெய்தால் தையல் வழியாகச் சொட்டுகிறது, பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடி பால் போல மங்கிவிட்டது. "என்ன செய்யலாம் அண்ணா?" என்பது கேள்வி.

சுருக்கமான பதில்: மண்ணெண்ணெயும் கன்னும் இரண்டும் வேண்டாம். அந்த வெள்ளைத் திட்டு பெரும்பாலும் அழுக்கே கிடையாது, உங்கள் ஊர்த் தண்ணீர் விட்டுப்போன உப்பு. சொட்டுவது துணியின் குற்றமாக இருக்க வாய்ப்பு குறைவு, நூலைப் பாருங்கள். நான் கிருஷ்ணகிரியில் குஷன் வேலை பார்ப்பவன். சீட், ஹூட், ஜீப் படுதா எல்லாம் தைப்பேன். என்னிடம் கிழிந்து வரும் ஹூட்களில் மழையால் கெட்டதை விட, வைத்திருப்பவர் பாசத்தில் எதையாவது தடவிக் கெடுத்ததுதான் அதிகம். அதனால் இந்தப் பதிலில் பாதி, என்ன செய்யக்கூடாது என்பதாகத்தான் இருக்கும்.

முதலில் உங்கள் தலைக்கு மேல் இருப்பது என்ன துணி என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கம் மூன்று வகை புழங்குகிறது. ஒன்று, பழைய ஜீப்களில் வரும் பருத்திக் கேன்வாஸ், ஒற்றைத் துணி. இரண்டாவது, ரெக்சின் மாதிரி மேலே பிளாஸ்டிக் பூச்சு உள்ள வினைல். மூன்றாவது, மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் ரப்பர் என்று மூன்றடுக்காக ஒட்டிய வகை. வெளிநாட்டுத் திறப்பு வண்டிகளில் நல்ல ஹூட் என்றால் இந்த மூன்றடுக்குதான். ஹூட்டின் ஓரத்தில் பீடிங்குக்கு (விளிம்பில் ஓடும் பட்டைக்கு) உள்ளே மடித்துத் தைத்த இடத்தைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். வெட்டு விளிம்பில் நடுவே கறுப்பாக மெல்லிய கோடு தெரிந்தால் அது ரப்பர். அங்கிருந்தே ஒரு நூலிழையை உருவி, வண்டியை விட்டுத் தள்ளி வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையாகக் கெட்டிப்பட்டால் அக்ரிலிக்கோ பாலியஸ்டரோ. இந்த ஒரு சோதனை முக்கியம், ஏனென்றால் பின்னால் சொல்லப்போகிற தண்ணீர் விலக்கும் மருந்து துணிக்குத் துணி மாறும்.

உங்கள் வர்ணனையை வைத்துப் பார்த்தால் மூன்றடுக்கு என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் மண்ணெண்ணெய் ஏன் கூடாது என்பதற்கு இருநூறு வருஷத்துக் கதை இருக்கிறது. 1823-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சார்லஸ் மெக்கின்டாஷ் என்பவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தா எண்ணெயில் ரப்பரைக் கரைத்து, அந்தக் குழம்பை இரண்டு துணிகளுக்கு நடுவே தடவி ஒட்டி, மழை ஊடுருவாத துணி செய்து காப்புரிமை வாங்கினார். மழைக்கோட்டுக்காக வந்த அந்த யோசனைதான் பின்னாளில் வண்டி ஹூட்டுக்கும் வந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்த ரப்பர் துணிக்குள் போனதே எண்ணெயில் கரைந்துதான். பிற்பாடு கந்தகம் சேர்த்து வேகவைத்து ரப்பரைக் கெட்டியாக்கக் கற்றுக்கொண்டார்கள், அதனால் இன்றைய ரப்பர் முழுசாகக் கரையாது. ஆனால் மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், தின்னர் எது பட்டாலும் ஊறி உப்பும். உப்பிய இடத்தில் மேல்துணி ஒட்டு விட்டுப் பிரிந்து குமிழ் கிளம்பும். துடைத்த அன்று துணி பளிச்சென்றுதான் இருக்கும். குமிழ் கிளம்புவது அதற்கப்புறம் வண்டி வெயிலில் நிற்கும்போது. அதற்குள் துடைத்தவர் மறந்திருப்பார், பழி துணி மேல் விழும். பிரிந்த அடுக்கை மறுபடி ஒட்ட எந்தக் கடையிலும் வழி கிடையாது, என் கடையிலும் கிடையாது.

பூட் பாலிஷும் அதே குடும்பம்தான். மெழுகும் கரைப்பானும் சாயமும் கலந்தது. தோலுக்காகச் செய்தது, துணிக்கு இல்லை. இழைக்கு நடுவே மெழுகு அடைத்துக்கொண்டு தூசியைப் பிடித்துவைக்கும். வெயிலில் இளகும், மழையில் கறுப்பாக வழிந்து பெயிண்டில் கோடு போடும், ஏறி இறங்குகிறவர் வெள்ளைச் சட்டையில் ஒட்டும். வெளுத்துப்போன ஹூட்டுக்கு நிறம் ஏற்ற வேண்டுமானால் ஹூட் துணிக்கென்றே விற்கிற, தண்ணீரில் கலக்கும் சாயம் இருக்கிறது. அதையும் கழுவிக் காயவைத்த பிறகுதான் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் கழுவியதும் சாயத்துக்கு அவசியம் இல்லாமல் போய்விடும்.

இனி அந்த வெள்ளைத் திட்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரியும். ஃப்ளூரைடு அளவு மீறினால் பல்லுக்கும் எலும்புக்கும் பகை. ஹூட்டுக்குப் பகை அதே போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும். வீட்டில் பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். போர் தண்ணீரை ஊற்றிக் கழுவி வெயிலில் காயவிட்டால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு இழைக்குள் தங்கும். அடுத்த முறை கழுவினால் இன்னொரு படலம். கறுப்புத் துணியில் அது சாம்பல் பூத்த மாதிரி தெரியும், "வெளுத்துவிட்டது" என்று நினைப்போம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். திட்டு மேல் ஒரு டம்ளர் மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்திருக்கும் வரை கறுப்பாகத் தெரிந்து, காய்ந்ததும் ஓரம் கட்டின மாதிரி வெள்ளை திரும்பி வந்தால் அது உப்பு. எல்லா இடமும் ஒரே சீராகப் பழுப்படித்திருந்தால் அது வெயிலில் சாயம் போனது. உப்பாக இருந்தால், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு மழைநீர் கலந்து, முதலில் கண்ணில் படாத மூலையில் தடவி நிறம் போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் திட்டு மேல் ஈரத்துணியால் ஒற்றி, ஐந்து நிமிஷம் விட்டு, நிறைய நல்ல தண்ணீரில் அலசுங்கள். குரோமியம் பூசிய இரும்பிலும் பட்டனிலும் வினிகர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஹூட்டுக்குப் போர் தண்ணீரே காட்டாதீர்கள். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் கொஞ்சம் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் மழைநீரைப் பிடித்து மூடி வையுங்கள். ஹூட் கழுவ நாலைந்து பக்கெட் போதும். முதல் அலசலுக்குப் போர் தண்ணீர் வேறு வழியில்லாமல் பயன்படுத்தினாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீராக இருக்கட்டும். கழுவுவதில் நான் அதிகம் வலியுறுத்துவது இந்த ஒன்றைத்தான்.

சர்வீஸ் ஸ்டேஷன் கன்னை ஏன் வேண்டாம் என்கிறேன்? அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஊசி ஓட்டை வழியாக அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காரும். மேலே பூசிய தண்ணீர் விலக்கும் பூச்சையும் உரித்துவிடும், தையலோரம் இழை பஞ்சாகக் கிளம்பும். அதோடு அவர்கள் சேசிஸுக்கு அடிக்கிற அதே சோப்பு நுரை மேலேயும் விழும், கீழே அடித்த டீசல் மேலே தெறிக்கும். வண்டியைக் கழுவ விட்டால் கூடவே நின்று, கண்ணாடிக்கு மேலே போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கழுவுவதற்கு முன்னால் தூசி. கிருஷ்ணகிரிச் சாலைகளில் கிரானைட் தூசிக்குப் பஞ்சமே இல்லை. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7, எஃகுக் கத்தியையே கீறும். அந்தத் துகள் இழைக்குள் உட்கார்ந்திருக்கும்போது ஹூட்டை மடித்தாலும் தேய்த்தாலும் ஒவ்வொரு துகளும் இழையை அறுக்கும். ஆகவே தண்ணீர் படுவதற்கு முன்பே காய்ந்த நிலையில் மென்மையான பிரஷால் தட்டி எடுக்க வேண்டும், துணிப் பாவு ஓடுகிற திசையிலேயே, முன்னிருந்து பின்னாக. வீட்டில் வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. தையல் மடிப்புகளிலும் பீடிங் ஓரத்திலும்தான் தூசி குவிந்திருக்கும், அங்கே நிதானமாக எடுங்கள். வாரம் ஒரு முறை இதை மட்டும் செய்தாலே, வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தண்ணீர்க் கழுவல் தேவைப்படாது.

கழுவுகிற நாளில் ஹூட்டை முழுசாக ஏற்றி, முன் கொக்கிகளை மாட்டி, இழுவையோடு நிறுத்துங்கள். நிழல் வேண்டும், துணி தொட்டால் சூடாக இருக்கக்கூடாது. முழு ஹூட்டையும் நனையுங்கள். திட்டு இருக்கிற இடத்தை மட்டும் கழுவினால் காய்ந்ததும் அங்கே ஒரு வட்டம் நிற்கும், பழைய கறையை விட அது அசிங்கம். சோப்பு என்றால் மெழுகு சேராத கார் ஷாம்பு, இல்லையென்றால் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு கொஞ்சம். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வேண்டாம். அவை காரம் அதிகம், கழுவிய பிறகும் இழையில் தங்கும், தங்கிய சோப்பு அடுத்த மழையில் தண்ணீரை உள்ளே இழுக்கும். பிளீச்சிங் பவுடரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், பருத்தி நூல் அரித்துப்போகும். பிரஷைத் துணி போகிற திசையில் நேராக ஓட்டுங்கள், வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டாம். நுரை முழுக்கப் போகும் வரை அலசுங்கள். போய்விட்டது என்று தோன்றிய பிறகு இன்னொரு பக்கெட் ஊற்றுங்கள், மறுபடி கொஞ்சம் நுரை வரும் பாருங்கள்.

காயவைப்பதில் அவசரம் கூடாது. காட்டன் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஏற்றிய நிலையிலேயே காற்றோட்டமாக விடுங்கள். நனைந்த துணி பிரேமில் இழுத்துக் கட்டிய நிலையில் காய்ந்தால்தான் அளவு மாறாது. கழற்றிப்போட்டோ பாதி மடித்தோ காயவிட்டால் சுருங்கும், அப்புறம் முன் கொக்கி எட்டாது, இரண்டு பேர் தொங்கி இழுக்க வேண்டிவரும். பருத்திக் கேன்வாஸுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். நம் மாவட்டத்தில் ஆடிக் காற்று அடிக்கிற நாளில் கழுவினால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும், ஆனால் அதே காற்று செம்மண்ணையும் கொண்டுவந்து ஈரத்துணியில் அப்பும். செட்டுக்குள் வைத்துக் காயவைப்பவர் பிழைத்தார்.

காய்ந்ததும் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம். உறிஞ்சினால் பூச வேண்டும். மூன்றடுக்குத் துணியில் மழையைத் தடுப்பது நடுவில் இருக்கிற ரப்பர்தான், மேல்பூச்சு அதற்கு இல்லை. மேல்துணி ஊறிக் கனத்து, அழுக்கையும் பூஞ்சாணத்தையும் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தப் பூச்சு. அக்ரிலிக், பாலியஸ்டர் துணிக்கு ஃப்ளூரோபாலிமர் வகை ஸ்ப்ரே பொருந்தும், டப்பாவில் கன்வெர்டிபிள் துணி ஹூட்டுக்கு என்று போட்டிருக்கும். அடிக்கும் முன்பு பெயிண்டையும் பிளாஸ்டிக் கண்ணாடியையும் செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும் வைத்து மறைத்துவிடுங்கள், பட்டால் திட்டு நிற்கும். ஒரே கனமாக அடிக்காமல் மெல்லிசாக இரண்டு தடவை. முழுக்கக் காய்ந்து படிய ஒரு நாள் விடுங்கள். எங்கள் பக்கம் மழை மே மாதத்துக் கோடை மழையில் எட்டிப்பார்த்துவிட்டு, புரட்டாசி ஐப்பசியில்தான் நின்று பெய்யும். அதனால் ஆவணியில் பூசிக்கொள்வது சரியாக இருக்கும்.

ஜீப் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் பக்கம் துணி ஹூட் என்றால் பாதிக்குமேல் ஜீப்தான். ஒற்றைப் பருத்திக் கேன்வாஸுக்கு மெழுகு வகைப் பூச்சுதான் பொருந்தும். பழைய கூடாரத் துணிக்காரர்களின் வைத்தியம் ஒன்றும் உண்டு: முதலில் பார் சோப்பைச் சீவிக் கரைத்த தண்ணீரைத் துணியில் ஊறவிட்டுக் காயவைப்பார்கள், பிறகு படிகாரம் கரைத்த தண்ணீரைப் பூசுவார்கள். சோப்பும் படிகாரமும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத அலுமினியச் சோப்பாக இழைக்குள்ளேயே படியும், தண்ணீர் ஒட்டாது. செலவே இல்லாத வேலை. ஆனால் இதைப் போர் தண்ணீரில் செய்தால் சோப்பு முதலில் கால்சியத்தோடு சேர்ந்து திரிதிரியாகத் திரிந்துவிடும், துணிக்குள் போவதற்கு எதுவும் மிஞ்சாது. இதற்கும் மழைநீர்தான். இந்தப் பூச்சு நிரந்தரம் இல்லை, மழைக்காலம் கழிந்தால் திரும்பப் போட வேண்டும். மூன்றடுக்குத் துணியில் இதை முயற்சி செய்யாதீர்கள், மேலே வெள்ளையாகப் பூத்துக்கொண்டு நிற்கும்.

இப்போது நூலுக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான விஷயம் இதுதான், மற்றவர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லாததும் இதுதான். தருமபுரி வடக்கே சுமார் 12 பாகையில் இருக்கிறது, கிருஷ்ணகிரி பன்னிரண்டரையில். அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் 22, 23 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும், நடுப்பகலில் சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேல் வரும். ஹூட் என்பது வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிற துணி. கதவுக்கும் பானெட்டின் பக்கவாட்டுக்கும் கிடைக்காத வெயில் அதற்குக் கிடைக்கும். துணியில் இழைகள் நெருக்கமாகப் பின்னியிருப்பதால் ஒன்றுக்கொன்று நிழல் தரும். தையல் நூலோ மேலே தனியாகத் தலை நீட்டிக்கொண்டு, எப்போதும் இழுவையில் இருக்கிறது. புற ஊதாக் கதிர் அதைத்தான் முதலில் தின்னும். துணி நன்றாக இருக்கும்போதே நூல் உளுத்துவிடும்.

நகத்தால் மேல் தையலை நெருடிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தாலோ சின்ன இழுப்பில் அறுந்தாலோ, சொட்டுவதற்குக் காரணம் அங்கேதான். ஹூட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, மறுதையல் போட்டால் போதும். தைப்பவரிடம் நாலு விஷயம் சொல்லுங்கள். நைலான் நூல் வேண்டாம், இழுத்தால் பலமாகத்தான் இருக்கும், வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். இரண்டாவது, வெளிவேலைக்கான பாலியஸ்டர் நூல், டெக்ஸ் 90 தடிமன் போதும். பருத்திக் கேன்வாஸ் என்றால் உள்ளே பாலியஸ்டரும் வெளியே பருத்தியும் சுற்றிய நூல் கிடைக்கும், அது இன்னும் நல்லது: மழையில் வெளிப்பருத்தி ஊறிப் பருத்து ஊசி ஓட்டையைத் தானாக அடைக்கும். புதுக் கேன்வாஸ் முதல் மழையில் சொட்டிவிட்டு அடுத்தடுத்த மழையில் நின்றுபோவதும் இதே காரணத்தால்தான். வெயிலுக்கே அசையாத நூல் வேண்டுமென்றால் பி.டி.எஃப்.இ. என்கிற வகை இருக்கிறது, விலை அதிகம், வழுக்கும், எல்லா மெஷினிலும் ஒழுங்காக ஓடாது. மூன்றாவது, தோலுக்குப் போடும் வெட்டு முனை ஊசி வேண்டாம். அது துணி இழையை அறுத்துக்கொண்டு போகும், உருண்டை முனை ஊசிதான் இழையை விலக்கிக்கொண்டு போகும். நாலாவது, முடிந்தவரை பழைய ஓட்டையிலேயே தைக்கச் சொல்லுங்கள், மூலை முடுக்கில் கையால்தான் முடியும். பழைய ஓட்டைக்குப் பக்கத்திலேயே புதுசாக ஒரு வரிசை குத்தினால் அந்த இடம் தபால்தலை ஓரம் போல ஆகி, ஒரு நாள் நேர்கோட்டில் கிழியும். அங்குலத்துக்கு ஆறு ஏழு தையல் போதும், நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைப்பது தப்பு. தைத்த பிறகு தையலுக்கு மட்டும், உள்பக்கமாக, சீம் சீலர் (தையல் ஓட்டையை அடைக்கும் பசை) மெல்லிசாகத் தடவலாம். சிலிகான் பேஸ்டைப் பிதுக்கி அப்பாதீர்கள், அதன் மேல் பிறகு எதுவும் ஒட்டாது.

பின்கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது மெல்லிய பி.வி.சி. தாள். வளைந்து கொடுப்பதற்காக அதில் எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள், வெயிலில் அது வெளியேற வெளியேறத் தாள் மஞ்சளித்து விறைக்கும். மேல்பக்கக் கீறலால் வந்த மங்கல் என்றால் பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு மென்மையான துணியால் தேய்த்தால் தெளியும். பற்பசையிலும் கொஞ்சம் தெளியும்தான், ஆனால் அதிலிருக்கும் துகள் புதுக்கீறல் போடும், எனக்குப் பிடிக்காது. உள்ளுக்குள்ளேயே பால் நிறமோ மஞ்சளோ ஆகிவிட்டால் எதுவும் உதவாது, தாளை மாற்ற வேண்டியதுதான். நல்ல குஷன் கடையில் பழைய தாளைப் பிரித்து அளவெடுத்துப் புதுத் தாள் தைத்துவிடுவார்கள், ஹூட்டை மாற்றத் தேவையில்லை. புதுத் தாளைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கையால் வழித்துவிட்ட பிறகுதான் துணி. வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் அம்மோனியா கலந்த கிளீனரும் வேண்டாம். மார்கழியில் ஓசூர், தளி பக்கம் விடியற்காலையில் வண்டி எடுப்பவர்கள் குளிரில் அந்தத் தாளை மடக்கவே கூடாது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்தக் குளிரில் விறைத்த தாள் மடிப்போடு பிளந்துவிடும். வெயில் ஏறட்டும், பிறகு இறக்குங்கள். மடிக்கும்போது தாளுக்கு நடுவே பழைய ஃபிளானல் துணி ஒன்றை விரித்தால் கீறல் விழாது.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்க மறந்துபோகக்கூடாது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிழல் என்றால் மாமரம், இல்லையென்றால் புளியமரம். தை, மாசியில் மா பூக்கும்போது தத்துப்பூச்சி பூங்கொத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, இனிப்பான பிசுக்கைக் கீழே சொட்டவிடும். அந்தப் பிசுக்கின் மேல் கரும்பூஞ்சாணம் படரும். கறுப்பு ஹூட்டில் அது கண்ணுக்கே தெரியாது, கையை வைத்தால்தான் ஒட்டும். சர்க்கரைதான் என்பதால் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கரையும், ஆனால் அன்றே கழுவ வேண்டும். காய் காம்பு ஒடிகிற காலத்தில் விழும் மாம்பால் வேறு ஜாதி, தோலையே பொத்துப்போக வைக்கும் பால் அது. காய்ந்துவிட்டால் கறை நிரந்தரம். புளியமரத்தடியில் பிசுக்கு இல்லை, பறவைகள்தான் தொல்லை. எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டாமல், ஈரக் காகிதத்தைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவைத்துத் தூக்கி எடுங்கள். மரத்தடியை விடத் தகரச் செட் மேல்.

செட் இல்லையென்றால் கவர். நீலத் தார்ப்பாயைப் போர்த்தாதீர்கள். உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும், காற்றில் படபடத்து ஹூட்டைத் தேய்த்துத் தேய்த்து மொட்டையாக்கும். மூச்சு விடுகிற காட்டன் கவர், கீழே நாடா கட்டியது, அதுவும் ஹூட் காய்ந்து தூசி தட்டிய பிறகு.

நனைந்த ஹூட்டை மடிக்கக் கூடாது என்பது எல்லோரும் சொல்வது. தொப்பூர் கணவாய் ஏறும்போது மழையில் நனைந்து, வீட்டுக்கு வந்து அவசரமாக மடிக்க நேர்ந்தால் மறுநாள் காலையிலேயே திறந்து விரித்துவிடுங்கள், பூஞ்சாணத்துக்கு இரண்டு மூன்று நாளே அதிகம். அதே அளவுக்கு முக்கியமான இன்னொன்று: காய்ந்த ஹூட்டையும் மாதக்கணக்கில் மடித்தே வைக்காதீர்கள். மடிப்பில் தூசி அறுக்கும், துணி சுருங்கும், எலி கூடு கட்டும். ஓட்டாத காலத்தில் ஹூட் ஏற்றியே இருக்கட்டும்.

பிரேம் மூட்டுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய், உபரியை உடனே துடைத்துவிட வேண்டும், துணியில் பட்டால் அங்கேயே தங்கிவிடும். பல பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஹூட்டை அடித்து நிறுத்தும் முன்பட்டை மரம். நம் ஊரில் அதற்குக் கரையான் பார்க்க வேண்டும், ஊசியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பட்டன்களில் ஒரு வகை ஒரே பக்கமாகத்தான் கழலும், அந்தப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். அதைத் தூக்கினால் பூப்போல வரும், மற்றப் பக்கத்தில் இழுத்தால் துணியோடு பிய்ந்து வரும்.

சின்னக் கிழிசலுக்கு ஃபெவிக்விக் வகைப் பசையைத் தொடாதீர்கள். அந்தப் பசை பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடேறும், விரலே சுடும், அதோடு இறுகிக் கண்ணாடியாகிப் பக்கத்தில் இன்னொரு கிழிசலைத் தொடங்கிவைக்கும். உள்பக்கமாக அதே வகைத் துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, ஈரம் போய்க் கை ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்துங்கள். பதம் வருமுன் ஒட்டினால் பசையிலிருக்கும் கரைப்பான் மண்ணெண்ணெய் செய்கிற வேலையைச் செய்துவிடும்.

கழுவி, மறுதையல் போட்டு, பூச்சும் அடித்த பிறகும் துணி நடுவிலேயே ஊறிச் சொட்டினால் உள்ளே ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம், அப்போது புது ஹூட்தான். துணிக்கு பெங்களூர் ஜே.சி. ரோடு பக்கம் விசாரியுங்கள், வெட்டு விளிம்பைப் பார்த்து வாங்குங்கள், பில்லில் கேன்வாஸா அக்ரிலிக்கா என்று எழுதி வாங்குங்கள். தைக்கக் கொடுக்கும்போது பழைய ஹூட்டைக் கடைக்காரர் கிழித்துப் போட விடாதீர்கள். தையலைப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் அளவுச்சட்டம். சுருங்கிப்போன துணி என்பதால் அதை அப்படியே வெட்டாமல், பிரேமை ஏற்றிவைத்து டேப்பால் ஒரு முறை அளந்து ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். முன்பட்டையில் கடைசி ஆணி அடிக்கும் முன்பு, ஹூட்டை இரண்டு தடவை ஏற்றி இறக்கி, கதவுக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, பிறகு பணத்தைக் கொடுங்கள்.